அடுப்படிக் கதவு

“தம்பி, மஞ்சப்பொடி எங்கடா வச்சிருக்கா? பொழுது போவுது, குளிப்பாட்ட வேண்டாமா?”

கொல்லையிலிருந்து அக்கா வேலம்மாள் குரல் கொடுத்தபோது ரத்தினவேல் அடுப்படியில் நாலாவது டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான். முதல் டப்பாவில் புளி. இரண்டாவதில் கடுகு. மூன்றாவதில் சட்டைப் பித்தான்களும் ஊசி நூலும் இருந்தன. நாலாவதில் சிலேட்டுக் குச்சி. பதினாறு வருஷமாக இந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன், பெண்டாட்டியின் கடைசிக் குளியலுக்கு மஞ்சள் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றான்.

“மேல் தட்டுலப்பா. கடைசி டப்பா,” என்று இடுப்பு உயரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கடைக்குட்டி காளியாயி. ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஜெகதாம்பாள் அன்று விடியற்காலையில் இறந்துபோனாள். காய்ச்சல்தான். ஆஸ்பத்திரி மருந்தைக் குடித்துவிட்டு இரண்டு நாள் படுத்திருந்தாள், மூன்றாம் நாள் எழுந்து இட்லி ஊற்றினாள், நாலாம் நாள் எழவில்லை. ஐந்தாம் நாள் பாலக்கரைத் தெருக் குழாய் கர்ரென்று இருமியதும் கண்ணைத் திறந்து, “கொழாயில தண்ணி வந்துருச்சு. கொடத்த வைங்க,” என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரத்தினவேல், “அது கெடக்கட்டும், நீ பேசாமப் படு,” என்றான். அவள் பேசாமல் படுத்தாள். எந்த நிமிஷத்தில் போனாள் என்று அவனுக்குத் தெரியாது. குழாயில் ஒரு மணி நேரம் தண்ணீர் வந்து நின்றது. அந்த வீட்டுக் குடம் மட்டும் அன்று வரிசைக்குப் போகவில்லை. அடுத்த வீட்டு நஜீமாதான் தன் வீட்டுத் தண்ணீரில் நாலு குடம் கொண்டுவந்து வைத்தாள்.

பத்து மணிக்கெல்லாம் முசிறியிலிருந்து வேலம்மாள் வந்துவிட்டாள். லால்குடியிலிருந்து ஜெகதாம்பாளின் தம்பி அழகிரி பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு வந்தான். கண்டாங்கிச் சிவப்பு. அதை உடுத்தி, பூ வைத்து, நெற்றி நிறையக் குங்குமம் இட்டதும் ஜெகதாம்பாள் ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவள் போல இருந்தாள். இப்படி ஒரு நல்ல புடவையோடு அவள் பகலில் ஒரு மணி நேரம் சும்மா படுத்திருந்து ரத்தினவேல் பார்த்ததே இல்லை. அந்த நினைப்பில்தான் அவனுக்கு முதன்முதலாக அழுகை வந்தது.

தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் என்பது முறை. அதனால் எட்டு வயசு அழகர்சாமிதான் தலையை மழித்துக்கொண்டு கொள்ளிச் சட்டியைத் தூக்கினான். ஓயாமரிச் சுடுகாட்டில் காவேரிக்கரைக் காற்று சட்டியில் இருந்த நெருப்பைச் சீற வைத்தது. அவன் பயப்படவில்லை. மூத்த பையன் வீரமலை கூடவே நடந்து, சட்டி சாயும்போதெல்லாம் அடியில் ஒரு விரலைக் கொடுத்தான். அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

ஆண்கள் திரும்பி வந்தபோது வீடு முழுக்கக் கழுவிவிடப்பட்டிருந்தது. வேலம்மாள் சுத்தக்காரி. தீட்டு வீடு என்று தரை, சுவர், கதவு ஒன்றையும் விடாமல் தென்னை நாரால் தேய்த்துத் தள்ளியிருந்தாள். எல்லோரும் குளித்தாக வேண்டும். “அஞ்சு புள்ளைங்களையும் யாரு குளிப்பாட்டறது? நான் ஒருத்தி, எனக்கு இடுப்பே விட்டுப்போச்சு,” என்று புலம்பிக்கொண்டே அவள் கொல்லைக் கிணற்றடிக்கு வந்தாள். வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். மூத்தவள் குழலி தண்ணீர் இறைத்தாள். மட்டுவார்குழலி என்று முழுப்பெயர். ஒன்பதாவது படிக்கிறாள். வீரமலை வாளியை வாங்கி ஊற்றினான். பத்து வயசு ரெங்கம்மாள் தம்பி தங்கையின் முதுகைத் தேய்த்தாள். அழகர்சாமி குளித்து முடித்ததும் துண்டைப் பிரித்துக் காளியாயிக்காகக் காத்திருந்தான். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குச் செம்பு போயிற்று, துண்டு போயிற்று. ஒரு பேச்சு இல்லை. ரெங்கம்மாள் வழக்கம்போலத் தம்பியின் முடியைப் பிழியக் கையைக் கொண்டுபோனாள். அங்கே முடி இல்லை. மொட்டைத் தலைமேல் கை அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு துண்டால் மெதுவாக ஒற்றி எடுத்தாள்.

“யாருடா இதெல்லாம் இதுங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?” என்று வேலம்மாள் தம்பியைக் கேட்டாள்.

ரத்தினவேலுக்கு அதுவும் தெரியவில்லை. காலை ஆறரைக்குச் சைக்கிள் ஏறினால் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப். சாயங்காலம் அவன் வரும்போது ஐந்து பேரும் கை கால் கழுவி, விளக்கடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் என்றால் அப்படித்தான் தாமாகவே உட்கார்ந்திருக்கும் போலிருக்கிறது என்று அந்த நல்ல மனுஷன் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தான்.

சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. நஜீமா இரண்டு பாத்திரத்தில் சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, “புள்ளைங்களுக்கு மொதல்ல போடுங்கண்ணே,” என்று சொல்லிப் போனாள். வெயில் இன்னும் வாசலில் இருந்தது. வேலம்மாளும் அழகிரியும் ரத்தினவேலை நடுவில் உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தார்கள்.

“தம்பி, நான் சொல்றேன்னு வருத்தப்படாத. கொழலிய ஸ்கூலவிட்டு நிறுத்திடு. பொம்பளப் புள்ள, வீட்டப் பாத்துக்கட்டும். சின்னது ரெண்டையும் நான் முசிறிக்குக் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்டுலயும் பால் தயிருக்குக் கொறச்சலில்ல.”

“வீரமலையும் ரெங்கமும் எங்கூட இருக்கட்டும் மாமா,” என்றான் அழகிரி. “அக்கா புள்ளைங்கள நான் வேறயாப் பாக்க மாட்டேன். லால்குடிலயும் நல்ல பள்ளிக்கூடம் இருக்கு.”

இரண்டு பேரும் நல்லவர்கள். சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் ரத்தினவேலுக்குக் கஷ்டமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால், யார் பார்ப்பார்கள் என்று அக்கா ஒரு கேள்வி கேட்டால் என்ன பதில் சொல்வான்? மஞ்சள் டப்பா இருக்கும் இடம் தெரியாதவன் ஐந்து பிள்ளைகளை எப்படிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவான்? அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, “ம்,” என்றான். அந்த ‘ம்’மை இரண்டு பேரும் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அடுப்படியிலிருந்து ஒரு அலறல் கேட்டது.

தட்டு எடுக்கப் போன குழலி. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் வந்தவர்களுக்குப் பாய் போட்டுக்கொண்டிருந்த பெண், அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று, “அய்யோ அம்மா, அய்யோ அம்மா,” என்று அந்தக் கதவில் அடித்துக்கொண்டு அழுதாள். மற்ற நாலு பேரும் ஓடிப் போய்ப் பார்த்தார்கள். பார்த்ததும் அவர்களும் அழுதார்கள். கதவில் ஒன்றுமே இல்லை. நாரால் தேய்த்த ஈரப் பலகை மட்டும் இருந்தது.

“என்னடி ஆச்சு? கதவு பூரா கன்னாபின்னான்னு கரிக் கிறுக்கலா இருந்துச்சு, தேச்சுக் கழுவுனேன்,” என்றாள் வேலம்மாள் பயந்துபோய்.

“அது கிறுக்கல் இல்ல அத்தை,” என்றான் வீரமலை. “அம்மா போட்டது. யாருக்கு எந்தக் கெழமை என்ன வேலன்னு.”

ஜெகதாம்பாள் இரண்டாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத்துக் கூட்ட நேரமாகும் என்று படமாகவே போட்டிருந்தாள். ரத்தினவேல் வெறும் கதவைப் பார்த்தான். தினமும் கை கழுவப் போகும்போது தோளால் தள்ளுகிற கதவு அது. அதன் பின்பக்கத்தை ஒரு நாளும் அவன் பார்த்ததில்லை.

“திரும்பப் போட முடியுமா?” என்றான்.

குழலி முகத்தைத் துடைத்தாள். “எனக்கு என்னோட வரி மட்டுந்தாம்பா தெரியும். அடுத்தவங்களுத எண்ணிப் பாத்தா, எனக்கு அதிகம் ஒனக்குக் கம்மின்னு சண்ட வரும்னு அம்மா பாக்க விடாது.”

“என்னுது எனக்குத் தெரியும்,” என்றான் அழகர்சாமி. “எனக்கும்,” என்றாள் ரெங்கம்மாள்.

அடுப்பில் குளிர்ந்து கிடந்த கரித்துண்டை எடுத்துக் குழலி கோடு போட்டாள். திங்கள் முதல் சனி வரை ஆறு கட்டம். முதல் வரியில் தன்னுடையதைப் போட்டாள். பின்னல் என்றால் ரெங்கத்துக்குத் தலை பின்னுவது. குடை என்றால் அன்று குடை அவளுக்கு. அடுத்து வீரமலை கரியை வாங்கினான். பிறகு ரெங்கம்மாள், அழகர்சாமி. காளியாயியை அண்ணன் தூக்கிப் பிடிக்க, அவள் தன் கட்டங்களில் ஆறு செருப்பு வரைந்தாள். எல்லோருடைய செருப்பையும் வாசலில் ஜோடி சேர்த்து வைப்பது அவள் வேலை.

ரத்தினவேல் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒர்க்‌ஷாப்பில் ஒரு எஞ்சினைப் பிரித்து மாட்ட இதே மாதிரி ஒரு போர்டு உண்டு. எந்த ஆளுக்கு எந்த நாள் எந்த வேலை என்று சார்ஜ்மேன் எழுதி மாட்டுவார். வாரத்துக்கு ஒரு தரமாவது இரண்டு ஆள் ஒரே ஸ்பானருக்கு அடித்துக்கொள்வார்கள். இந்தக் கதவில் அப்படி ஒரு இடம்கூட இல்லை. ஒரே குடை ஐந்து வரிகளில் இறங்கி ஏறியது, எங்கேயும் முட்டவில்லை. இருபது வருஷ ஃபிட்டருக்கு நல்ல வேலையைப் பார்த்தால் தெரியும். அவனுக்கு மயிர்க்கால் சிலிர்த்தது.

“இந்த வட்டம் என்ன? ஒன்னுதுல காலையில இருக்கு, அவனுதுல மத்தியானம் இருக்கு?”

“ஜியாமிட்ரி பாக்ஸ்ப்பா, காம்பஸ் போடற வட்டம். ஒண்ணுதானே இருக்கு,” என்றாள் குழலி. “எனக்குக் காலையில கணக்கு. அவனுக்கு மத்தியானம். அம்மா எனக்குச் சோறு கொண்டாரப்ப எங்கிட்ட வாங்கிட்டு, வாய்க்கால் பாலம் தாண்டி அவன் ஸ்கூலுக்குப் போயி குடுக்கும்.”

“மணி அடிக்கறதுக்குள்ள வந்துரும்பா. ஒரு நாளும் லேட்டானதில்ல,” என்றான் வீரமலை.

பாக்ஸ் வாங்கிய நாள் ரத்தினவேலுக்கு நினைவு வந்தது. இரண்டு வாங்கட்டுமா என்று கேட்டான். “ஒண்ணு போதும், நான் பாத்துக்கறேன்,” என்றாள். எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று அவன் கேட்கவில்லை. உச்சி வெயிலில் உய்யக்கொண்டான் வாய்க்கால் பாலத்தின் மேல், ஒரு கையில் சோற்றுக் கூடையும் இன்னொரு கையில் அந்தத் தகரப் பெட்டியுமாக அவள் வேகமாக நடப்பதை இப்போது நினைத்துப் பார்த்தான். எவ்வளவு பெரிய மனுஷியோடு குடித்தனம் செய்திருக்கிறோம் என்று நெஞ்சு விம்மியது.

குழலி ஆறாவதாக ஒரு வரி இழுத்தாள்.

“அது அம்மாவுதா?”

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “அம்மாவுக்கு வரி கெடயாதுப்பா,” என்றாள் ரெங்கம்மாள். “இது உங்களுது.”

“என்னுதா? எனக்கு என்ன போட்டிருந்தா?”

“சைக்கிள் மட்டுந்தான். காலையில போற மாதிரி ஒண்ணு, சாயங்காலம் வர மாதிரி ஒண்ணு. வேல ஒண்ணும் போடல.”

ரத்தினவேலுக்கு வெட்கமாக இருந்தது. மகளின் கையிலிருந்து கரியை வாங்கினான். ஆறாவது வரியில், திங்கள் கட்டத்தில், குனிந்து ஒரு படம் போட்டான். பிறகு செவ்வாயில். பிறகு புதனில். காளியாயி அண்ணன் இடுப்பிலிருந்தபடியே எட்டிப் பார்த்து, “இது என்னப்பா, எஞ்சினா?” என்று கேட்டாள்.

“கொடம்டி,” என்றான்.

“கொடம் இப்படியா இருக்கும்?” என்றாள் அவள். வீரமலை சிரித்துவிட்டான். அன்றைக்கு அந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான். சிரித்ததற்காக உடனே வாயைப் பொத்திக்கொண்டான்.

சனி வரைக்கும் ஆறு குடமும் போட்டு முடித்துவிட்டு ரத்தினவேல் அக்காவிடம் திரும்பினான்.

“அக்கா, அஞ்சும் இங்கயே இருக்கட்டும். கொழலி ஸ்கூலுக்குப் போவா.”

“யாருடா பாத்துக்குவா? மத்தியானம் யாரு நடப்பா?”

“சோத்தக் காலையிலயே கட்டிடலாம் அத்தை,” என்றாள் குழலி. “பாக்ஸ நான் ஓடிப் போயி வாங்கிட்டு வந்துருவேன்,” என்றான் வீரமலை.

“இதுல ஒரு ஆளக் கழட்டுனாலும் வண்டி ஓடாதுக்கா,” என்றான் ரத்தினவேல். “அவ அப்படி மாட்டி வச்சிருக்கா. எனக்குத் தெரியாதத நான் கத்துக்கறேன்.”

வேலம்மாள் கதவைப் பார்த்தாள். தான் தேய்த்துக் கழுவிய கதவு. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “கருமாதி வரைக்கும் நான் இருக்கேன்,” என்றாள். “எனக்கும் அதுல ஒரு வரி போடுங்கடி.” அழகிரி எழுந்து போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டான்.

மறுநாள் பால் தெளிக்கப் போக வேண்டும். அதற்கு முன்னால், விடிந்தும் விடியாத நேரத்தில், தெருக் குழாய் கர்ரென்று இருமியது. ரத்தினவேல் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். ஆண்பிள்ளை குடத்தோடு வருவதைப் பார்த்துக் குழாயடியில் பேச்சு நின்றது. முதலில் இருந்த பெண் தன் குடத்தை நகர்த்தி, “நீங்க மொதல்ல புடிச்சிட்டுப் போங்கண்ணே,” என்றாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வரிசையின் கடைசிக்கு நடந்தான்.

“அண்ணே,” என்று நஜீமா கூப்பிட்டாள்.

வரிசையில் அவள் குடத்துக்கு முன்னால், மூன்றாவதாக, ஒரு குடம் வைக்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. ஈரக் கல்லில், தினமும் ஒரே குடம் உட்கார்ந்து உட்கார்ந்து அடிவட்டத் தடம் பதிந்திருந்தது. ரத்தினவேல் குடத்தை அதன்மேல் வைத்தான்.