ஒரு சொல், ஒரு மணி நேரம்

மைக் செட் சுடலையாண்டிக்குப் பொறுமை போய்விட்டது. நூலக ஆண்டுவிழா மேடையில் பிரேமலதா டீச்சர் 'செட்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பிடித்து ஒரு மணி நேரமாகிறது. பொருளை வைப்பதும் செட், பொழுது அடைவதும் செட், சிமெண்ட் இறுகுவதும் செட். கூட்டாளிகளைச் சொல்லும் செட் மட்டும் லத்தீனிலிருந்து வந்ததாம். அவனோ சாயங்காலத்துக்குள் பத்தமடைக் கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் கட்டியாக வேண்டும்.

இப்படிப்பட்டவர்களுக்கென்றே அவனிடம் ஒரு மருந்து இருந்தது. தேசிய கீதத்தைப் போட்டுவிட்டான். கூட்டம் விறைப்பாக எழுந்து நின்றது. டீச்சரும் பேச்சை விட்டுவிட்டு நின்றாள். பாட்டு முடிந்ததும் நேரே அவனிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, பத்தமடைக் கல்யாணத்துக்குத்தான போறிய? பொண்ணுக்கு அத்தை நான்தான். வண்டியில எனக்கும் ஒரு இடம் போடுங்க. மிச்சத்தைப் போற வழியில சொல்லுதேன்."