மிஸ்டர் சாக்ஸ் வீட்டுக்கு யார் வருவார்

இரண்டாம் வகுப்பு அறையில் அன்று யார் யார், எங்கெங்கே இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மின்விசிறிக்கு நேர் கீழே, மெத்தை வைத்த ஒரே நாற்காலியில், கல்வி அலுவலகத்திலிருந்து வந்த மேற்பார்வையாளர். அவருக்கு இடப்பக்கம், நாற்காலியில் பாதியை மட்டும் நிரப்பிக்கொண்டு தலைமையாசிரியை. கதவோர பெஞ்சில் பெற்றோர் சார்பில் ஒரு பஸ் டிரைவர். அடுத்த டிரிப்புக்கு ஓட வேண்டியவர் என்பதால் காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். பாயில் பிள்ளைகள் அரைவட்டமாக. கரும்பலகையருகே முக்காலியில் கதை டீச்சர். அவள் வலது கையில் மிஸ்டர் சாக்ஸ்.

மிஸ்டர் சாக்ஸ் என்பவர் பிறப்பால் ஒரு சாம்பல்நிறக் காலுறை. ஜோடி தொலைந்தபின் பொத்தான் கண்ணும் நூல் மீசையும் வைத்து ஆளாக்கிவிட்டிருந்தாள். அவருக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும் என்பது வகுப்பில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஆகவே அவரோடு இருக்கிற வரை பிள்ளைகளும் இங்கிலீஷில்தான் பேசியாக வேண்டும். புத்தகம் பிறகுதான். முதலில் கதை, கதையில் வந்த சொல் பலகையில், பலகையில் வந்த சொல் வாசிப்பில். இதுதான் அவள் முறை.

அன்று முடிவாக வேண்டியது ஒன்றே ஒன்று. கதை நேரம் இருக்குமா, போகுமா. போனால் அந்த இடத்தில் சொல் அட்டைகள் வரும்: அட்டையைத் தூக்கினால் பிள்ளைகள் சொல்லைக் கத்த வேண்டும். கத்த வைக்கத் தலைமையாசிரியையே போதும். கதை டீச்சர் அலுவலக அறையில் வருகைப் பதிவை நகலெடுக்கப் போவாள். நாள் முழுவதும் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் இருக்கிறவள் அவள். மதியத்துக்கு முன் வரும் அந்த நேரத்தில்தான் தொண்டை திறக்கும். அதுவும் போனால் என்ன ஆவது என்பதை அவள் யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

பாடம் தேர் போல நகர்ந்தது. துணிப்பையிலிருந்து தன் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். கப், சாவி, சீப்பு, ஜன்னல் துடைக்கும் துணி. மிஸ்டர் சாக்ஸ் எழுந்தார், சீவினார், குடித்தார், ஜன்னல் வழியாகப் பார்த்தார். “ஹி லுக்ஸ் அவுட் ஆஃப் த விண்டோ” என்று முன்பல் விழுந்த பிள்ளைகூட தடுக்காமல் படித்தது. டிரைவர் பெஞ்சிலிருந்தே தலைமையாசிரியை பக்கம் குனிந்து, “என் பொண்ணு வீட்ல இப்படிப் பேசமாட்டேங்குதே. எங்களைப் பார்த்தா காலுறை மாதிரி தெரியலையோ” என்றார். மேற்பார்வையாளருக்கே சிரிப்பு வந்தது.

சிரித்த வாயோடு அவர் கேட்டார்: “ரொம்ப நல்லா இருக்கு. இப்ப நீங்களே ஆளுக்கொரு கதை சொல்லுங்க பாப்போம். டீச்சர் உதவக்கூடாது.”

டிரைவரின் மகள் முதலில் எழுந்தாள். மிஸ்டர் சாக்ஸ் கதவைத் திறந்தார், குடித்தார், கதவைப் பூட்டினார், தூங்கினார். அடுத்தவன் சொன்ன கதையில் அவர் சீவினார், ஜன்னலைத் துடைத்தார், பூட்டினார், தூங்கினார். மூன்றாவது கதையில் மழை வந்தது. மழையைப் பார்த்தார், பூட்டினார், தூங்கினார். ஒரு பிழை இல்லை. மேற்பார்வையாளர் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

“ஏம்மா, அவர் வீட்டுக்கு யாருமே வரமாட்டாங்களா?”

டிரைவரின் மகள் இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள். “வரமாட்டாங்க சார். அவர்கிட்ட ஒரு கப்புதான் இருக்கு.”

கதை டீச்சரின் கை காலுறைக்குள் அப்படியே நின்றது. இத்தனை நாளும் அவள் பையில் போட்டுக் கொண்டுவந்தது சாமான் மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். சட்டியில் இருந்தது அகப்பையில் வந்துவிட்டிருந்தது.

பிள்ளைகள் சாப்பிடப் போனபின் மேற்பார்வையாளர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “டீச்சர், சொல்லெல்லாம் தெரியுது. வாசிக்கிறாங்க. ஆனா வாங்க, உக்காருங்க, எப்படி இருக்கீங்கன்னு ஒருத்தருக்கும் சொல்லத் தெரியலையே. இவங்க இங்கிலீஷ்ல பேச ஒரு ஆள் கிடைச்சா என்ன பண்ணுவாங்க? கதவைப் பூட்டிடுவாங்க.”

தலைமையாசிரியை, “நான் அப்பவே சொன்னேன் சார், அட்டைதான் சரி” என்றாள்.

“அட்டையும் பேசாதுங்களே. டீச்சர், அடுத்த வாரத்துக்குள்ள எனக்கு ஒரு கடுதாசி போடுங்க. கதையை எப்படி மாத்தப்போறீங்கன்னு. அதைப் பாத்துட்டுத்தான் முடிவு.”

கடிதம் எழுதுவது அவளுக்குப் புதிதல்ல. சின்ன ஊர்ப் பள்ளியில் படித்தவள். பொருள், பார்வை, ஓரத்தில் விரற்கடை இடம் என்று எல்லாம் அத்துப்படி. சனிக்கிழமை காலை, தனியாகக் குடியிருக்கும் மாடி அறையில், மேசைமேல் தாளை வைத்து, ‘மிஸ்டர் சாக்ஸ் வீட்டுக்கு ஒருவர் வருகிறார்’ என்று மாதிரிக் கதையைத் தொடங்கினாள். யார் வருவார்? தபால்காரரை வரவழைத்தாள். அவர் உறையைக் கொடுத்துவிட்டுப் படியிலேயே திரும்பினார். பால்காரரை வரவழைத்தாள். அவர் மணியடித்துவிட்டுப் போயே போனார். வீட்டுக்காரம்மாவை வரவழைத்தாள். அவள் மீட்டரைப் பார்த்துக்கொண்டு கதவுக்கு வெளியிலேயே நின்றாள். யாரைக் கூப்பிட்டாலும் வாசலைத் தாண்டி ஒருவரும் வரவில்லை. வந்தால் முதலில் என்ன சொல்வார்கள் என்பதை அவளால் எழுத முடியவில்லை.

கடைசியில் எழுந்து போய் அடுத்த அறைக் கதவைத் தட்டினாள். அங்கே குடியிருப்பவள் ஆஸ்பத்திரி நர்ஸ். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் தலையசைப்பதோடு சரி.

“சிஸ்டர், ஒரு உதவி. எங்க வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் இருக்க முடியுமா?”

“என்னக்கா, மயக்கமா வருதா? பிரஷர் பாக்கணுமா?”

“இல்ல. சும்மா.”

“சும்மாவா?” நர்ஸ் தலையில் சுற்றியிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டாள். “என்னைச் சும்மா கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு. எல்லாரும் ஊசி போடத்தான் கூப்பிடுவாங்க.”

வந்தாள். நாற்காலி ஒன்றுதான் என்பதால் கட்டிலில் உட்கார்ந்தாள். கதை டீச்சர் பேனாவை எடுத்துக்கொண்டு எதிரே அமர்ந்தாள்.

“எதுக்குக்கா பேனா? வாக்குமூலமா?”

விஷயத்தைச் சொன்னதும் நர்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தன் கால்வலியைப் பற்றிச் சொன்னாள். மெத்தை மேடு பள்ளமாக இருக்கிறது என்றாள். கால்வலி என்றதற்கு டீச்சர், “வலிக்குதா?” என்று கேட்டாள். “அதைத்தானே சொன்னேன்” என்றாள் அவள்.

எழுந்து போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நர்ஸ் சொன்னாள்: “தப்பா நினைக்காதீங்க. சாயங்காலம் ஆனா இங்க ரெண்டு குரல் கேக்கும். ஒண்ணு உங்களுது, இன்னொண்ணு கட்டைக் குரல், இங்கிலீஷ்ல. ஆள் இருக்கும்போது நாம ஏன் நந்தி மாதிரின்னுதான் நான் தட்டவே இல்ல.”

அந்தக் கட்டைக் குரல் மிஸ்டர் சாக்ஸுடையது. மறுநாள் பாடத்தை அவள் சத்தமாக ஒத்திகை பார்ப்பாள். இதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டியூட்டிக்கு நேரமாகிவிட்டதென்று நர்ஸ் போய்விட்டாள்.

நோட்டில் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. மெத்தை, கால், ‘வலிக்குதா’. பக்கத்து அறையில் அலமாரி திறந்து மூடுகிற சத்தமும், பிறகு படியில் செருப்புச் சத்தமும் கேட்டன. அது தேய்ந்து அடங்கும் வரை இருந்துவிட்டு, புதுத் தாளை எடுத்து எழுதினாள்.

‘மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் சொன்ன குறை உண்மை. கதையின் தொடக்கத்தை நான் சொல்வேன். கதவைத் தட்டுவது யார், உள்ளே வந்து என்ன பேசுகிறார் என்பதைப் பிள்ளைகள் இருவர் இருவராக நடித்துச் சொல்வார்கள். வேண்டிய இங்கிலீஷ் சொல்லை மட்டும் நான் எடுத்துக் கொடுப்பேன். வருகிறவர் பேச்சை நானே எழுத முயன்றேன். எனக்கு வரவில்லை. அதில் பிள்ளைகளுக்கு என்னைவிடப் பழக்கம் அதிகம்.’

திரும்பப் படித்தாள். ‘எனக்கு வரவில்லை’ என்ற இடத்தில் பேனா நின்றது. ஓர் ஆசிரியை அலுவலகத்துக்கு எழுதுகிற வாக்கியம் அல்ல அது. தலைமையாசிரியை கையில் கிடைத்தால் கதை நேரத்தைப் பறிக்க அந்த இரண்டு சொல்லே போதும். அடித்துவிட்டு ‘மேலும் முயற்சி செய்வேன்’ என்று எழுதலாம். அடித்தால் அடுத்த வாக்கியம் நொண்டும். பிள்ளைகளிடம் ஏன் விடுகிறாள் என்பதற்குக் காரணம் இல்லாமல் போகும். வெகுநேரம் பார்த்துவிட்டு அப்படியே விட்டாள்.

தாளை மூன்றாக மடித்து உறையிலிட்டாள். முகவரியை நிறுத்தி எழுதினாள். விளிம்பில் பசை தடவி, நகத்தால் ஓரமெல்லாம் நீவி ஒட்டினாள். தெருமுனைத் தபால் பெட்டியில் மாலை எடுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. நடந்து போய், பெட்டியின் வாயில் பாதி நுழைத்த உறையை ஒரு கணம் பிடித்திருந்து, விட்டாள். உள்ளே மற்ற கடிதங்களின் மேல் அது விழுந்தது.