சிரிக்காமல் எடுத்த படம்

இங்கிலாந்தின் கெய்லி ஊர்ப் பத்திரிகையின் ‘உங்கள் பணம்’ பக்கத்துக்காக நிருபர் ஜுனைத் படம் எடுக்க வந்தபோது, கிளெனிஸுக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

“கொஞ்சம் சோகமா நில்லுங்க மேடம். ஏமாந்தவங்க இப்படிச் சிரிச்சா டூர் கம்பெனிக்காரன் எப்படிப் பயப்படுவான்?”

“என் மூஞ்சியே அப்படித்தான்ப்பா. பள்ளிக்கூடத்துல இதுக்காகவே வெளியே நின்னிருக்கேன்.”

ஸ்காட்லாந்து ஏரிகளைச் சுற்றிக் காட்டும் பஸ் பயணம் அது. தேர்ந்தெடுத்தது அக்கா மியூரியல். தன் வங்கி அட்டையில் எழுநூற்று எண்பது பவுண்டு கட்டியது கிளெனிஸ். கிளம்பும் வாரம் கம்பெனியே பயணத்தை ரத்து செய்தது. பணத்துக்குப் பதில் அடுத்த வருடப் பயணத்துக்கு ஒரு கூப்பனை நீட்டியது. பிறகு போனையே எடுக்கவில்லை.

“மலிவா இருக்குன்னு போய் விழுந்தியே!” என்று கிளெனிஸ் வாயை விட்டதும் மியூரியல் போனை வைத்தவள்தான். ஈஸ்டரிலிருந்து பேச்சு இல்லை. சூப்பர்மார்க்கெட்டில் கண்ணில் பட்டால்கூட வேறு வரிசைக்குள் நுழைந்துவிடுவாள்.

“அவங்களே ரத்து செஞ்சா முழுப் பணத்தையும் திருப்பித் தரணும். சட்டமே இருக்கு, நான் கேக்கிறேன்” என்றான் ஜுனைத். கேமராவைச் சரிசெய்தபடியே, “பணம் போனதுதான் ரொம்ப வருத்தமா?” என்று கேட்டான்.

“பணம் கிடக்குது. அக்காகூட ஒரு தடவையாவது எங்கேயாவது போகணும்னு ஆசைப்பட்டேன். இப்ப அவ பேசுறதே இல்லை.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. அந்த நொடியில் அவன் படம் எடுத்துவிட்டான்.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. சொன்னது ஒரு வார்த்தை விடாமல் அச்சாகியிருந்தது. ஊர் முன்னால் அழுதுவிட்டதுபோல் கிளெனிஸுக்குக் கூச்சமாக இருந்தது. போன் அடித்தது.

“ஏண்டி, அது என் கார்டிகன் ஸ்வெட்டர்தானே?” மியூரியலின் குரல்.

“எது?”

“பேப்பர்ல மாட்டிக்கிட்டு நிக்கிறியே, நீலக் கலர். ரெண்டு வருஷமா வீடு பூரா தேடியிருக்கேன்.”

“நீதானே இங்க விட்டுட்டுப் போனே!”

“மூஞ்சி ஏன் பல்வலி வந்த மாதிரி இருக்கு?”

“அந்தப் பையன்தான் சோகமா இருக்கச் சொன்னான்.”

“பேசுறதே இல்லைன்னு ஊருக்கெல்லாம் சொல்றதுக்கு, எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?”

“போட்டா எடுத்திருப்பியா அக்கா?”

“எடுத்திருக்க மாட்டேன். சரி, டீ போட்டு வை, வர்றேன். கார்டிகனையும் துவைச்சு வை.”

பத்திரிகைக்குப் பயந்தோ என்னவோ, அடுத்த வாரமே கம்பெனி முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டது. ஸ்காட்லாந்துப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. செப்டம்பரில் மியூரியலின் காரில் விட்பி என்ற கடலோர ஊருக்குப் போனார்கள். போன நாளிலிருந்து மழை. கடற்கரைக் கடையின் ஜன்னலோரம் உட்கார்ந்து பொரித்த மீனைத் தின்றபடி, சின்ன வயதில் ஒருத்தி மேல் ஒருத்தி சொன்ன கோள்களையெல்லாம் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டு, கடை மூடும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்கள்.