எடிவானியா தைத்த பட்டம்

எனக்குப் பட்டம் என்றாலே ஆகாது. கடலில் இறங்குகிறவன் மீன் பிடிக்க வேண்டும், இல்லை ஊர் போய்ச் சேர வேண்டும். காலில் பலகையை மாட்டி, இடுப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு, அது இழுக்க அலைமேல் ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர எதற்குக் கடல்? என் தங்கை புருஷன் கிளேபியோவிடம் இதைக் கேட்காத நாளே கிடையாது.

"உங்க ஜங்காடா நத்தை மாதிரி ஊருது மச்சான். நீங்க மீன் கிட்ட போறதுக்குள்ள அது பேரன் பேத்தி எடுத்துடுது" என்று என் பாய்மரக் கட்டுமரத்தைக் கேலி செய்வான். நான் துடுப்பை ஓங்குவேன். அவன் சிரித்துக்கொண்டே ஓடுவான்.

போன காற்றுக்காலத்தில் அவன் திரும்பி வரவில்லை. கரையே தெரியாத தூரத்தில் அவனுடைய பட்டத்தின் முன்குழாய் வெடித்துவிட்டது. பட்டத்தின் நெற்றியில் ஓடும் பெரிய காற்றுக்குழாய் அது. அதிலிருந்து ஐந்து குறுக்குக் குழாய்கள் பிரியும். எல்லாவற்றுக்கும் ஒரே பம்புதான். காற்றடித்து முடித்ததும் குறுக்குக் குழாய்களின் வாயில் இருக்கும் கிளிப்புகளை அழுத்தி மூட வேண்டும். மூடினால், முன்குழாய் போனாலும் மற்றவை காற்றோடு நிற்கும். எங்கள் கரையில் யாரும் மூடுவதில்லை. நல்ல காற்று கூப்பிடும்போது யாருக்கு அந்தப் பொறுமை இருக்கிறது? காற்றடிப்பவர்தான் மூட வேண்டும் என்று ஒரு வழக்கம் மட்டும் உண்டு. அன்றைக்குக் காற்றடித்தவள் என் தங்கை எடிவானியா. அவளும் மூடவில்லை.

தேடிப் போனவர்களில் என் ஜங்காடாதான் முதலில் போய்ச் சேர்ந்தது. அப்போது பொழுது சாய்ந்துவிட்டது. பட்டம் நனைந்த போர்வை மாதிரி தண்ணீருக்கடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் இல்லை. பிறகு அலை அவன் உடலை மணல்மேட்டுப் பக்கம் கொண்டுவந்து போட்டது.

"கிளிப் போட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதும்மா" என்று சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்து அவளிடம் சொன்னேன். பாதிரியாரும் சொன்னார். தெருவில் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

கிழிந்த பட்டங்களைத் தைத்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். அந்த வருடம் பூராவும் ஊரார் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுத் தனக்கென்று ஒரு பட்டம் தைத்தாள். ஒவ்வொரு குறுக்குக் குழாயின் வாயிலும் ஒரு ரப்பர் மடல். காற்று உள்ளே போக வழிவிடும், திரும்ப வரப் பார்த்தால் தானே மூடிக்கொள்ளும். யாருடைய கையையும் நம்ப வேண்டியதில்லை.

சோதித்துப் பார்க்க ஜெனாரியோ வந்தான். புதுப் பட்டங்களை ஓட்டிப் பார்த்துச் சொல்வதுதான் அவனுக்கு வேலை. கிளேபியோவோடு சேர்ந்து கூத்தடித்தவன். மதியக் காற்றில் அதை மேலே ஏற்றினான். கரையோரமாகவே ஓடினான், எகிறிக் குதித்தான், வேண்டுமென்றே தண்ணீரில் போட்டு மறுபடி எழுப்பினான். திரும்பி வந்தபோது அவன் முகமெல்லாம் பல்.

"அண்ணி, சொன்ன பேச்சு கேக்குது! என் பொண்டாட்டி கூட இப்படிக் கேட்டதில்ல."

"அவ ஏன் கேக்கணும்? நீ என்ன காத்தா?" என்றேன்.

எடிவானியா சிரிக்கவில்லை. அவன் இடுப்புக் கச்சையைக் கழற்றச் சொல்லி வாங்கித் தன் இடுப்பில் இறுக்கினாள்.

"பறக்குறத நீங்க பாத்தாச்சு தம்பி. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"மிச்சம் என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"நடுக்கடல்ல முன்குழாயக் கிழிக்கப் போறேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "பைத்தியமாடி உனக்கு? வீட்டுக்கு ஒரு சாவு போதாதா?" என்று கத்தினேன். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணி, ஏரியில வெச்சுக் கிழிச்சுப் பாப்போம். கழுத்தளவு தண்ணிதான்" என்றான் ஜெனாரியோ.

"அவரு ஏரியிலயா செத்தாரு?"

நான் மிதவைச் சட்டையை நீட்டினேன். கிளேபியோ அன்று அதைப் போட்டிருக்கவில்லை என்பதால் அவளும் போட மாட்டாளாம். பிடிவாதத்தில் அவள் எங்கள் அப்பாவைப் பார்த்துப் பிறந்தவள். பட்டம் எழும்பியது, பலகை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. நான் ஜெனாரியோவை இழுத்துப் போட்டுக்கொண்டு ஜங்காடாவைத் தள்ளினேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் பாய்மரம் நத்தையாக ஊர்வது எனக்கே தெரிந்தது.

கரை மெல்லிய கோடாகப் போன இடத்தில் அவள் காத்திருந்தாள். நாங்கள் நெருங்கியதும் பட்டத்தைத் தண்ணீரில் இறக்கி, கயிறுகளைச் சுற்றிக்கொண்டே நீந்தி, அதன் நெற்றியைப் பிடித்தாள். கச்சையில் செருகியிருந்த கயிறு வெட்டும் கத்தியை எடுத்தாள். ஒரே இழுப்பு. காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. முன்குழாய் சுருண்டு முங்கியது.

அந்த நேரத்தில் நான் மாதாவிடம் வேண்டிக்கொண்டது என்ன தெரியுமா? முழுப் பட்டமும் மூழ்கட்டும் என்று. கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தேன், அவள் முடியைப் பிடித்தாவது தூக்கியிருப்பேன். மூழ்கிவிட்டால் ஊரே சொன்னது நிஜமாகிவிடும். கிளிப் போட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று அவள் நம்பித் தூங்குவாள். அவளுடைய ஒரு வருட உழைப்பு நாசமாகட்டும் என்று மனதார வேண்டினேன்.

மூழ்கவில்லை. ஐந்து குழாய்களும் உப்பிக்கொண்டு மேலே நின்றன. அவள் அவற்றின் மேல் கைகளைப் போட்டுக் கவிழ்ந்து படுத்தாள். ஒரு அலை அவளை மூடிப் போனது. அலைக்குப் பின்னால் அவள் தலை மறுபடி தெரிந்தது.

"போதும்மா. ஏறு" என்றேன்.

"அன்னிக்கு நீங்க எப்பண்ணே வந்து சேந்தீங்க?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"எப்ப வந்தீங்க?"

"பொழுது சாயயில."

"அப்ப பொழுது சாயட்டும்."

கெஞ்சினேன், திட்டினேன், செத்த அம்மாவின் பேரைச் சொல்லி மிரட்டினேன். ஜெனாரியோ தண்ணீர்ப் பாட்டிலை அவள் பக்கம் எறிந்தான். அவள் அதைத் தொடவில்லை. பாயை இறக்கிவிட்டு அவளோடு கூடவே மிதந்தோம். காற்றும் நீரோட்டமும் எங்களை இழுத்துப் போயின. அவள் உதடு வெளுத்தது, விரல்கள் விறைத்தன, அவ்வப்போது கை வழுக்கி மறுபடி ஏறிக்கொண்டாள். குழாய்களில் ஒன்றாவது தளரும் என்று பார்த்தேன். ஒன்றும் தளரவில்லை. அவளாகக் கையை விட்டுவிடுவாளோ என்று கூட எனக்குப் பயமாக இருந்தது. ஜெனாரியோ முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான்.

சூரியன் தண்ணீரைத் தொட்டபோது அவள் தலையைத் தூக்கினாள்.

"இப்ப வாங்கண்ணே" என்றாள்.

இருவரும் சேர்ந்து தூக்கினோம். உடம்பு ஐஸாக இருந்தது. பாய்த்துணியால் போர்த்தினேன். ஜெனாரியோவால் சும்மா இருக்க முடியவில்லை.

"அண்ணி, அன்னிக்கு அலை இதவிடப் பெருசு. கிளிப் போட்டிருந்தாலும்..."

"வாய மூடுடா" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க சொல்லுங்கண்ணே. அன்னிக்கு நீங்கதான் கடல்ல இருந்தீங்க."

சொல்ல என்னிடம் எத்தனையோ இருந்தன. பலகை தலையில் அடித்திருக்கலாம், நெஞ்சு நின்றிருக்கலாம். ஒரு வருடமாக ஒவ்வொன்றாக அவளிடம் சொல்லி வந்தவன்தான் நான். அன்றைக்கு அலை இதைவிடப் பெரிதாக இருக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

"கிளிப் போட்டிருந்தா தாங்கியிருக்கும்மா" என்றேன். "நான் வரும்போது உசிரோட இருந்திருப்பான்."

ஜெனாரியோ என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். எடிவானியா ஈரத்தோடு தவழ்ந்து வந்து, துடுப்புக்கு அருகில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிளேபியோ செத்த நாளிலிருந்து அவள் என் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை.