ஐம்பதாவது உறுப்பினர்

உலக வணிகத்தின் மனசாட்சி சித்தேரி மலையில்தான் கண் விழித்தது என்று சாமை விவசாயிகள் சங்கச் செயலாளர் திருமால் மேடைதோறும் முழங்குவார். அந்த மனசாட்சிக்கு ‘நியாய வணிகம்’ என்ற சான்றிதழ் வேண்டுமென்றால் ஐம்பது உறுப்பினர் வேண்டும். இருந்தது நாற்பத்தொன்பது. பட்டியலில் ஐம்பதாவது முனியாயி. செத்து இரண்டு வருஷம்.

நியாய வணிகத்தைக் குறை சொல்ல முடியாது. சாமைக்குக் கட்டுபடியாகிற விலை, களையெடுப்பவர்களுக்கு வாராவாரம் கூலி. விலைக்கு மேல் ஊருக்கென்று தனியாக வந்த பங்கில் கூலிக்காரர்களே கைதூக்கி முடிவுசெய்து ஜீப் வாங்கினார்கள். அதற்கு முன்பெல்லாம் நோயாளியைத் தூளி கட்டித்தான் மலையிறக்குவார்கள். முனியாயி அப்படிப் பாதி வழியில் போனவள். இப்போது அவள் மருமகள் ரேவதிக்கு ஒன்பது மாதம். சான்றிதழ் போனால் பங்கு நிற்கும், ஜீப்பும் நிற்கும்.

ஆய்வுக்கு வந்த தேவிப்பிரியா கண்ணை மூடிப் பட்டியலில் விரல் வைத்தார். ஐம்பதாவது பெயர்.

"அவங்க சாமைக் காட்டுல இருக்காங்க மேடம்," என்றார் திருமால். பொய்யில்லை. புதைத்தது அங்கேதான்.

பேட்டியின்போது நிர்வாகிகள் கூட இருக்கக் கூடாதாம். உச்சிவெயிலில் தனியாகப் போன தேவிப்பிரியா, அரைமணியில் சிரித்தபடி திரும்பினார்.

"நல்லா பேசுறாங்க! எடையில ஏமாத்து இல்லையாம். ஜீப்புதான் அவங்களுக்கு லேட்டா வந்துச்சாம். ஞாயித்துக்கிழமை மருமகளுக்குத் தயாரா நிறுத்தச் சொன்னாங்க."

முனியாயியின் மகன் சின்னன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கைநாட்டு வாங்கணும், இல்லன்னா பேட்டி செல்லாது. செயலாளரையே மை கொண்டுவரச் சொன்னாங்க. தனியா."

"எனக்கு முட்டி வலிங்க..."

"போங்கண்ணா," என்றாள் ரேவதி, வயிற்றைப் பிடித்தபடி. "மேடையில அவ்ளோ பேசுறீங்க. எங்க மாமியாகிட்ட நாலு வார்த்தை பேச மாட்டீங்களா?"

போனார். காற்றே இல்லை. சாமைக் கதிர்கள் மட்டும் ஓரிடத்தில் ஆடி, வழிவிட்டு, மூடிக்கொண்டன.

திரும்பி வந்து தாளை நீட்டினார். முனியாயி சங்கத்தில் சேர்ந்தபோது வைத்த ரேகையோடு தேவிப்பிரியா ஒப்பிட்டுப் பார்த்தார். அதே ரேகை. புதியதில் கொஞ்சம் ஈர மண் ஒட்டியிருந்தது. சான்றிதழ் தொடரும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

நன்றியுரை திருமாலுடையது. அவர் எழுந்திருக்கவில்லை. வேட்டி முன்பக்கம் நனைந்திருந்தது. அன்று சித்தேரியில் மழை இல்லை.