நடாஷாவின்ர முழங்கால்

என்ர மகளின்ர முழங்காலுக்கு ஒண்டுமில்லை. இதை முதலே சொல்லிப்போடுறன். ஏனெண்டா போன மாசியிலை ஒரு கொலிஜ் கோச் அவளுக்கு, முழங்கால் கெதியிலை சுகமாகட்டும் எண்டு ஈமெயில் அனுப்பியிருந்தா.

நடாஷா லக்ரோஸ் விளையாடுறவள். தடி நுனியிலை இருக்கிற வலையாலை பந்தை ஏந்தி எறிஞ்சு விளையாடுற விளையாட்டு அது. என்ர பிள்ளை கோல் காக்கிறவள். மூண்டு வருசமா எங்கட கிளப்பிலை அவள்தான் முதல் கோலி. இரண்டாவது அட்சயா, இவளின்ர உயிர்ச் சிநேகிதி. அந்த ஈமெயில் அனுப்பின கோச் ஷரோனின்ர கொலிஜ் சின்னது, காரிலை இரண்டு மணித்தியால ஓட்டம். வருசா வருசம் எங்கட பக்கத்துப் பிள்ளையளைத்தான் அவ தேடி எடுக்கிறவ. இந்த முறை அவவுக்கு ஒரேயொரு கோலிதான் வேணும். நடாஷா வேற எந்தக் கொலிஜுக்கும் எழுதேல்லை. அது கிடைக்காட்டி ஒண்டுமே வேண்டாம் எண்டு நிண்டவள்.

ஈமெயிலை வாசிச்சிட்டுப் பிள்ளை தன்ர முழங்காலைத் தடவிப் பாத்தாள். "அம்மா, ஆர் இப்பிடிச் சொன்னது?" எண்டாள்.

கோச்மாருக்கு எழுதிறது ரீம் மனேஜர் மகேஸ்வரன். அட்சயாவின்ர தகப்பன். சந்தேகம் வந்திட்டுது, ஆனா கையிலை ஒண்டுமில்லாமல் போய் நாக்கைப் பிடுங்கிற மாதிரிக் கேக்கேலுமே? கோச்சுக்கு நாங்கள் மறுத்து எழுதினாலும் அவ மனேஜரின்ர சொல்லைத்தான் நம்புவா.

நான் கலியாணவீடு, சாமத்திய வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறவள். பிள்ளை விளையாடுற மச் எல்லாத்தையும் சும்மா எடுத்து வைப்பன். கமெராவுக்குக் கண் மட்டுந்தான் இருக்கெண்டு சனம் நினைக்குது. அதுக்குக் காதும் இருக்கு. பழைய மச்சுகளை ஒவ்வொண்டாப் போட்டுக் கேட்டன். நாலாவதிலை, கடைசிப் பத்து நிமிசம் அட்சயா கோலிலை நிக்கிறாள். நான் அங்கால போயிருந்த நேரம், ஸ்ராண்டிலை தனிய ஓடின கமெராவுக்குப் பக்கத்திலை மகேஸ்வரன் தன்ர மனிசி ரதிக்குச் சொல்லுறான்: "பார், பிள்ளை எப்பிடிப் பிடிக்கிறாள்! இனிப் பயமில்லை. நடாஷாவுக்கு முழங்கால் சவ்வு அறுந்துபோச்செண்டு கோச்சுக்கு எழுதிப்போட்டன். தாய்க்காரி மன்னார்க்காரி, கமெரா தூக்கித் திரியிறவள். அவளுக்கு உதெல்லாம் எங்க பிடிபடப்போகுது."

மாதாவே! அதை எட்டுத் தரம் கேட்டன்.

அந்தக் கிழமையே உவன் எனக்குப் போன் எடுத்தான். "கிளடிஸ், ஞாயிற்றுக்கிழமை கோச் அட்சயாவைப் பாக்க எங்கட வீட்டுக்கு வாறா. பிள்ளை விளையாடின வீடியோ ஒண்டு வடிவாச் செய்து தாரும். கோச்சுக்கு விளங்கக் கீழ இங்கிலீசும் எழுதிப் போடும்."

"ஓம் அண்ணை," எண்டன். "கட்டாயம் போடுறன்."

கோச் வந்து பிள்ளையோடையும் தாய்தகப்பனோடையும் அரை மணித்தியாலம் கதைச்சிட்டுப் போறதுதான் வழமை. மகேஸ்வரன் அதை ஒரு கலியாணவீடு ஆக்கிப்போட்டான். மார்க்கம் ரவுணிலை இருக்கிற அவன்ர வீட்டு வாசலிலை நாப்பது சோடி செருப்பு. இடியப்பம், ஆட்டிறைச்சிக் கறி, றோல்ஸ். ஷரோன் பாவம், மூண்டு மாமிமாருக்கு நடுவிலை கோப்பையோடை இருந்தா. நான் கமெராவை நிமித்தினன். நடாஷா லைற்றைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். நான் என்ன செய்யப்போறன் எண்டு அவளுக்கும் சொல்லேல்லை.

சுவர் அளவு ரீவியிலை வீடியோ ஓடிச்சுது. பாட்டு, ஸ்லோ மோசன், அட்சயா பாயிறாள், பிடிக்கிறாள், சனம் கை தட்டுது. பொய்யாச் செய்யேல்லை, நல்லாத்தான் செய்து குடுத்தன். பிறகு அந்தக் கடைசிப் பத்து நிமிசம் வந்துது. அங்க பாட்டை நிப்பாட்டி, மச்சின்ர சத்தத்தை மட்டும் விட்டிருந்தன். இங்க பிறந்த மாப்பிள்ளையளுக்கு ஐயர் சொல்லுறதை இங்கிலீசிலை எழுதிப் போடுற மாதிரி, மகேஸ்வரன் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் படத்துக்குக் கீழ பெரிய வெள்ளை எழுத்திலை போட்டன். என்னைச் சொன்னதையும் விடேல்லை.

ரீவியை நிப்பாட்ட ரிமோட்டைத் தேடினான் மகேஸ்வரன். அது என்ர பைக்குள்ளை இருந்தது.

ஷரோன் கோப்பையை வைச்சிட்டு, "நடாஷா ஆர்?" எண்டு இங்கிலீசிலை கேட்டா.

நடாஷா லைற்றை மெல்ல நிலத்திலை வைச்சாள். நடு ஹோலுக்கு வந்து, கோலிலை நிக்கிற மாதிரி இரண்டு முழங்காலையும் மடிச்சுக் குந்தினாள். எழும்பினாள். திரும்பவும் குந்தி எழும்பினாள்.

நான் கமெராவை மகேஸ்வரன்ர முகத்துக்குக் கிட்ட இழுத்தன். ஈயாடேல்லை. ஆறுதலா, வடிவா எடுத்தன். என்ன சந்தோசம் எண்டு கேக்காதேங்கோ, அப்பிடி ஒரு சந்தோசம்!

லைற்றை மடிச்சுக்கொண்டு வெளிக்கிடேக்கை அட்சயா வாசலுக்கு வந்தாள். கோச்சுக்கெண்டு வாங்கின புதுச் சட்டை, அழுது வீங்கின கண். "அன்ரி, எனக்கு ஒரு டெக்ஸ்ட் போட்டிருக்கலாமே. நானே கோச்சுக்குச் சொல்லியிருப்பன்."

உண்மையைச் சொல்லுறன், இவ்வளவு வேலை செய்தும் அந்தப் பிள்ளை அதை எல்லாருக்கும் முன்னாலை பாக்கப்போகுது எண்டு ஒரு தரமும் நான் யோசிக்கேல்லை. மகேஸ்வரனுக்கு? இன்னொருக்காச் செய்யச் சொன்னாலும் செய்வன்.

நடாஷாவுக்கு இடம் கிடைச்சுது. முதல் வாழ்த்து அனுப்பினது அட்சயாதானாம். என்னைக் கண்டா மட்டும் பேசாமல் மற்றப் பக்கத்தாலை போறாள்.