நஜ்லாவின் வாயால்

ஸுல்பிகா டீச்சர் இத்தா இருந்த அறையின் ஜன்னலுக்கு இரட்டைத் திரை போட்டிருந்தார்கள். கடற்காற்று அதைத் தள்ளிப் பார்க்கும். பிறகு மனமில்லாததுபோல் திரும்பிப் போய்விடும். கணவர் மீராமுகைதீன் இறந்த நாளிலிருந்து அவளும் அப்படித்தான் இருந்தாள். எந்த வேலையையும் தொட்டுப் பார்ப்பாள், பிறகு விட்டுவிடுவாள்.

உயர்தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்பிள்ளைகள் அறைக்கே வந்து பாயில் உட்கார்ந்து ஆங்கிலம் படித்தார்கள். கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவின் நாலு மாதமும் பத்து நாளும் ஆண்பிள்ளைகளை அவள் சந்திக்க முடியாது. அவர்களுக்குப் பாடத்தைத் தன் குரலில் பதிந்து வட்ஸ்அப்பில் அனுப்பினாள். அதற்கும் ஒரு கேள்வி வந்தது.

"இத்தாவில இரிக்கிற பொம்புளைட சத்தம் ஊர்ப் பொடியன்கள்ற போனுக்குள்ள போகலாமா கா?" என்று கேட்டாள், அவளுடைய அக்கா, ராத்தா முஸ்பிறா.

போகலாம் என்று சொல்கிறவர்களும் ஊரில் இருந்தார்கள். ஆனால் வாதாட ஸுல்பிகாவிடம் தெம்பில்லை. ஆகவே புது ஏற்பாடு. டீச்சர் ஒரு வசனம் சொல்வாள்; முஸ்பிறாவின் மகள் நஜ்லா, அவளும் அதே வகுப்புத்தான், அதைத் தன் குரலில் போனுக்குள் திருப்பிச் சொல்வாள். நஜ்லாவுக்கு இது பழக்கமான வேலை. சின்ன வயதில் குர்ஆன் ஓதப்பள்ளியில் லெப்பை சொல்லச் சொல்லத் திருப்பி ஓதும்போது, அவர் இருமியதையும் சேர்த்து ஓதிய பிள்ளை என்று குடும்பத்தில் அவளுக்குப் பெயர்.

இன்றோடு வகுப்பை நிறுத்திவிடுவது என்று விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஸுல்பிகா முடிவெடுத்திருந்தாள். பிள்ளைகள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை.

வெளியே வளவில் மரவாங்கு இழுபடும் சத்தம்போல் ஏதோ கேட்டது. சம்மாந்துறை அரிசி ஆலையிலிருந்து புருவமெல்லாம் தவிட்டுத் தூசியோடு வந்து, முன்பு வகுப்பு நடந்த தகரக் கொட்டிலுக்குள் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளை இழுத்துப் போடுவது மீராமுகைதீனின் வேலை. மௌத்தானவர் இன்னும் காதுக்குள் வாங்கு இழுக்கிறார் என்று நினைத்து அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

அன்றைய சொல் 'கீப்'.

"குடுத்த வாக்கக் காப்பாத்தினா கீப். ஆடு வளத்தாலும் கீப். கடை நடத்தினாலும் அதுதான். ரகசியத்த வெளிய விடாம வச்சிக்கிறதுக்கும் அதுதான்."

நஜ்லா அலுப்போடு திருப்பிச் சொன்னாள்.

"எல்லாத்துக்கும் ஒரே சொல்லா? இங்கிலீசுக்காரனுக்குச் சொல்லுக்குப் பஞ்சமோ டீச்சர்?" என்றாள் கல்முனைத் தமிழ்ப் பகுதியிலிருந்து வரும் கஜேந்தினி.

"பஞ்சமில்ல புள்ள, சோம்பல். வேற சொல்லும் இரிக்கி. வீட்டப் பழுதாகாமப் பாக்கிறதுக்கு மெயின்டெயின். அழியாமப் பாதுகாக்கிறதுக்கு ப்ரிசர்வ். கையில உள்ளத விடாம வச்சிருக்க ரிட்டெயின். அதுக்காக ஆட்டுக்கு ரிட்டெயின் போட்டிராதீங்க, மார்க் போயிரும்."

"நோன்புக்கு?"

"நாம பிடிக்கிறம், அவங்க கீப் பண்ணுறாங்க."

"அப்ப இத்தாவுக்கு?" கேட்ட பிறகுதான் கஜேந்தினி நாக்கைக் கடித்தாள்.

"அதுக்கும் கீப்தான். அப்சர்வ் எண்டும் போடலாம்," என்றாள் டீச்சர், குரல் மாறாமல். "ஒண்ட விடாமச் செய்துகொண்டே இரிக்கிறதுக்கும் கீப்..."

இதற்கு ஓர் உதாரணம் வேண்டும். அவளுடைய உதாரணங்களில் எப்போதும் மீராமுகைதீன்தான் இருப்பார். ஆடு வளர்ப்பார், சாவியைத் தொலைத்துக்கொண்டே இருப்பார். கொட்டிலுக்குப் பின்னால் நின்று, "இண்டைக்கு என்னய வச்சி என்ன அறுக்கிறீங்க?" என்று கேட்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். இனி அந்த வசனங்களையெல்லாம் இறந்தகாலத்துக்கு மாற்ற வேண்டும். அதை நினைத்ததுமே உதாரணத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். முஸ்பிறா தேத்தண்ணியோடு வந்தாள். ஸுல்பிகா சுவரில் சாய்ந்து, தாழ்ந்த குரலில் அவளிடம் சொன்னாள்:

"எனக்கு ஏலா ராத்தா. இண்டையோட வகுப்ப விடப்போறன். வாங்குகளயும் வித்திருவம்."

பக்கத்தில் அரைக்கண் மூடியிருந்த நஜ்லா, போனை வாயருகே வைத்து ஓதினாள்: "எனக்கு ஏலா ராத்தா. இண்டையோட வகுப்ப விடப்போறன். வாங்குகளயும் வித்திருவம்."

பெருவிரலை எடுத்தாள். போய்விட்டது.

எழுதிய கைகள் நின்றன. கஜேந்தினி நிமிர்ந்து பார்த்தாள். அதன் பிறகுதான் நஜ்லாவுக்கே தான் சொன்னது கேட்டது.

"அழிச்சிருவன் சாச்சி..."

"கேட்டிட்டாங்களா?"

நஜ்லா போன் திரையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

எப்படியோ சொல்லியாயிற்று. தன் வாயால் சொல்லும் பாடு மிச்சம். ஆனாலும் நெஞ்சில் எந்த இளைப்பாறலும் வரவில்லை. போன் சிணுங்கியது. ஆண்பிள்ளைகளில் ஒருவனான றுமைஸ் எழுதியிருந்தான். நஜ்லா வாசித்தாள்:

"கடைசி கீப்புக்கு உதாரணம் வரல்ல."

அடுத்தது தினுஜன். "வியாழன் வகுப்பு எத்தின மணிக்கு?"

"இவங்களுக்கு விளங்கல்லயா?" என்றாள் ஸுல்பிகா.

மறுபடியும் றுமைஸ். நஜ்லா கொஞ்சம் தயங்கித்தான் வாசித்தாள்: "வாங்குகள விக்க வேணாம் டீச்சர். நாங்க அதுலதான் இரிக்கிறம்."

ஸுல்பிகா ராத்தாவைப் பார்த்தாள். முஸ்பிறா தேத்தண்ணிக் கோப்பைகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டாள்.

"வகுப்பு நேரத்துக்கு வந்து கொட்டிலுக்குள்ள இரிக்கிறானுகள். போன நடுவில வச்சிக் கேக்கிற. முடிஞ்சாப்போல வாங்கெல்லாத்தயும் அடுக்கிட்டுப் போற. ஊட்டுல இருந்து கேளுங்களண்டா எண்டு சொல்லிப் பாத்தன். ஊட்டுல படிப்பு ஏறுதில்லயாம்."

"எப்ப இருந்து?"

"இவள் கதைக்கத் தொடங்கின நாள்ல இருந்து."

"நீ எனக்குச் சொல்லல்ல."

"சொன்னா ஏசுவாய். தேத்தண்ணி வேற குடுத்துப் பழக்கிட்டன்."

அப்படியானால் அந்தச் சத்தம் அவர் இழுத்தது இல்லை. அது தெரிந்தபோது ஸுல்பிகாவுக்கு முதலில் வந்தது ஆறுதல் இல்லை. அவர் இன்னொரு தடவை போய்விட்டதுபோல் இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஜன்னல் திரையைப் பார்த்தாள். அதற்கப்பால், பத்துப் பதினைந்து எட்டில், அவள் பார்க்கக் கூடாத பிள்ளைகள் அவருடைய வாங்குகளில் பதில் வரும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

களைப்பு போகவில்லை. அது எங்கே போகும்.

"போன எடு," என்றாள்.

நஜ்லா எடுத்தாள், ஆனால் இந்த முறை விரலை வைக்கவில்லை. "இப்ப நீங்க சொல்லப்போறது அவங்களுக்கா, இல்ல உம்மாவுக்கா?"

"அவங்களுக்குத்தான். மீராமுகைதீன் சாவியத் தொலைச்சிக்கொண்டே இருந்தார். இதுதான் உதாரணம். இங்கிலீசுல நான் சொல்லுறன், நீ திருப்பிச் சொல்லு." தேத்தண்ணியைக் கையில் எடுத்தாள். "வியாழன் நாலரைக்கு எண்டும் சொல்லு."